சித்தூர் தாலுகாவில் குடியேறுவோருக்கு: பஞ்சாயத்துப் பணமும் வார்டு வாக்காளர் பட்டியலும்

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, கோவைப் பக்கங்களிலிருந்து வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவுக்குக் குடிவருகிறவர்களுக்குச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மாநிலம் மாறிவிட்டதாகவே தோன்றாது. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் தமிழே பேசுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே வேரூன்றிய தமிழர்களின் ஊர் இது. அதனாலேயே பஞ்சாயத்தும் நம் ஊர் ஊராட்சி போலத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பலர் வருகிறார்கள். அந்த எண்ணத்தால் என் நண்பர் ஒருவரின் குடியிருப்புக்கு விளையாட்டுத் திடல் கிடைக்காமல் போனது. இனி வருகிறவர்களுக்கும் அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அலுவலகச் சடங்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நிலவரியை வில்லேஜ் ஆபீசில் கட்ட வேண்டும். புதிய வீடு கட்டினால் 1975-ஆம் ஆண்டின் கட்டட வரிச் சட்டப்படி வருவாய்த் துறைக்கு ஒரே ஒரு முறை ஒரு வரி உண்டு. அது பஞ்சாயத்துக்குப் போகும் பணம் அன்று. பஞ்சாயத்துக்கு உரியது ஆண்டுதோறும் கட்டும் வீட்டு வரி. அதைக் கட்டடத்தின் பரப்பளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். செப்டம்பர் 30, மார்ச் 31 என்று இரண்டு அரையாண்டுத் தவணைகளாகக் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். அந்த வரியோடு 5 சதவீதம் நூலக வரியும் சேரும். ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் கழிவை எடுக்க வரும்போது வாங்கும் மாதக் கட்டணம், பெரும்பாலான பஞ்சாயத்துகளில் 50 ரூபாய், வரி அன்று; அவர்களுடைய உழைப்புக்கான கூலி. அதைக் கொடுக்கத் தகராறு செய்யும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அளவிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்க, கேரளத்தில் இருப்பவை 941 கிராமப் பஞ்சாயத்துகள்தாம். எனவே இங்கே ஒரு பஞ்சாயத்து என்பது நம் பக்கத்துப் பல ஊராட்சிகளைச் சேர்த்த அளவுக்குப் பெரியது; ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, அங்கன்வாடி, அரசு தொடக்கப் பள்ளி ஆகியவற்றின் பொறுப்பும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 1996 ஆகஸ்டில், மலையாள ஆண்டின் சிங்கம் மாத முதல் நாளில், ஜனகீயாசூத்ரணம் என்ற மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்க அரசு முடிவு செய்தது. விகிதம் பின்னர் மாறினாலும் முறை நிலைத்துவிட்டது. புதிய பணிகளுக்கு வளர்ச்சி நிதி, இருக்கும் சாலைகளையும் கட்டடங்களையும் பேண பராமரிப்பு நிதி, அன்றாடச் செலவுக்குப் பொது நோக்க நிதி என்று அரசிடமிருந்து மூன்று வழிகளில் பணம் வருகிறது. வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், கடை வாடகை முதலியன பஞ்சாயத்தின் சொந்த வருமானம்.

இங்குள்ள பஞ்சாயத்துகளுக்கு எவ்வளவு துணிவு உண்டு என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே சித்தூர் தாலுகாவில், பிளாச்சிமடையில் இயங்கிவந்த கொக்கக்கோலா ஆலையின் உரிமத்தை, நிலத்தடி நீர் கெட்டு வற்றுகிறது என்று மக்கள் போராடியதை அடுத்து, 2003-இல் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து. தன் வருமானத்தில் ஒரு பகுதியை இழக்க நேரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனி திறந்தவெளிக்கு வருவோம். திடல், பூங்கா, முதியோருக்கான பகல் வீடு, தெருவிளக்கு எதுவானாலும், பஞ்சாயத்துப் பணம் அதற்குச் செலவாக வேண்டுமானால் அந்த இடம் பஞ்சாயத்தின் ஆஸ்தி பதிவேட்டில், அதாவது சொத்துப் பதிவேட்டில், ஏறியிருக்க வேண்டும். தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைப் போட முடியாது. என் நண்பர் வீடு வாங்கிய மனைப் பிரிவின் நடுவே விற்பவர் விட்டுவைத்த பொது மனை ஒன்று உண்டு. எல்லா வீட்டாரும் சேர்ந்து அதைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்து, மண் நிரப்பி வேலி போட்டு, பிள்ளைகள் விளையாடும் திடலாக்கித் தரும்படி கேட்பது என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். வார்டு மெம்பரும் மறுக்கவில்லை, கிராம சபையில் வைக்கச் சொன்னார்.

தமிழ்நாட்டில் கிராம சபை என்பது ஊராட்சி முழுவதற்கும் ஒன்று. குடியரசு நாள், தொழிலாளர் நாள் போன்ற குறித்த நாள்களில் கூடும். இங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனியாகக் கிராம சபை உண்டு. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வார்டு மெம்பர்தான் கூட்டுநர். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு கட்ட உதவி முதல் கறவை மாடு வரை பயனாளிகளை இங்கேதான் முன்னுரிமைப்படுத்துகிறார்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கோரிக்கைகளும் இங்கிருந்துதான் வளர்ச்சிக் கருத்தரங்குக்கும், பிறகு மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்கும் போகின்றன.

எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப் பள்ளியில், நடந்த அந்தக் கூட்டத்துக்கு நண்பரும் அண்டை வீட்டாரும் குடும்பத்தோடு போனார்கள். வாசலில் மேசை போட்டு அமர்ந்திருந்த குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுவின் அக்கா, வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் தேடி, வரிசை எண்ணைக் குறித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நண்பர் பாலக்காட்டு முகவரிக்கு மாற்றிய தம் வாக்காளர் அட்டையை நீட்டினார். அந்த அக்கா அடிக்கோலைப் பெயர்களின் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வீட்டு எண்ணைக் கேட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பெயர் இல்லை. அந்தக் குடியிருப்பில் ஒருவர் பெயரும் இல்லை. “உட்காருங்க சார், கேளுங்க, ஆனா கையெழுத்து வாங்க முடியாது” என்றார். திடல் கோரிக்கைக்குப் பேசவும் கை தூக்கவும் உரிமையுள்ள ஒருவர் கூட அந்தக் குடியிருப்பிலிருந்து இல்லாததால் அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவே இல்லை. அந்த ஆண்டின் பணம் வார்டின் வேறு மூலைக்குப் போயிற்று. அங்குள்ளவர்கள் கேட்டார்கள், பெற்றார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொது மனையில் இன்றும் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் லாரி போகும் சாலையோரத்தில் பந்தடிக்கிறார்கள்.

காரணம் இதுதான். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான வாக்காளர் பட்டியலை இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதே பட்டியலை வார்டுவாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சித் தேர்தலையும் நடத்துகிறார்கள். அதனால் ஓர் அட்டை எல்லாவற்றுக்கும் போதும் என்பது நமக்குப் பழகிவிட்டது. கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கென்று மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக ஒரு பட்டியலைத் தயாரிக்கிறது. முதல் பட்டியலில் பெயர் இருப்பதால் இரண்டாவதில் தானாக வந்துவிடாது. கிராம சபையின் உறுப்பினர் யார் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது பட்டியல். ஒழுங்காக வரி கட்டுகிறவரானாலும் இதில் பெயர் இல்லையென்றால் அந்த வரி எதற்குச் செலவாகிறது என்று தீர்மானிக்கும் சபையில் அவர் வெறும் பார்வையாளர். இதை வீடு விற்றவரோ தரகரோ பஞ்சாயத்து ஆபீசின் கவுண்டரோ யாருமே சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

ஆகவே வீட்டு எண் கிடைத்த கையோடு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் வார்டின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லையென்றால், பட்டியல் திருத்தம் அறிவிக்கப்படும் நாள்களில் படிவம் 4-ஐ நிரப்புங்கள். கிராமப் பஞ்சாயத்தில் பதிவு அலுவலர் பஞ்சாயத்துச் செயலாளரே. விண்ணப்பித்தபின் ஹியரிங்குக்கு அழைப்பு வரும். வேலை இருக்கிறது என்று அதைத் தவறவிட்டால் விண்ணப்பம் நின்றுபோகும். வீட்டு வரி ரசீதையும் முகவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளின் எல்லைகளைத் திருத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பழைய வார்டு எண்ணை நம்ப வேண்டாம்.

மலையாளம் எழுதத் தெரியாது என்று தயங்காதீர்கள். 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமையைக் கொடுத்திருக்கிறது; இந்தத் தாலுகாவில் தமிழில் மனு எழுதுவது புதிதும் அன்று.

கிராம சபையில் பொதுக்கூட்டம் முடிந்ததும் துறைவாரியாகக் குழுக்களாகப் பிரிந்து உட்கார்வார்கள். பலர் அந்த நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோரிக்கைகள் எழுதப்படுவது அங்கேதான். உங்கள் கோரிக்கையை எந்த இடம், யார் பெயரில் உள்ளது, எல்லா உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டார்களா, ஆஸ்தி பதிவேட்டில் சேர்த்த பின் என்ன பணி வேண்டும் என்ற வரிசையில் எழுதிக் கொடுங்கள். ‘திடல் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அது அந்தக் குழுவைத் தாண்டாது. கூட்டம் முடிந்தபின் நடவடிக்கைக் குறிப்பின் நகலைச் செயலாளரிடம் கேளுங்கள். தயங்கினால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். அந்த நகலில் உங்கள் கோரிக்கை இருந்தால்தான் வளர்ச்சிக் கருத்தரங்கில் மெம்பரிடம் அதைக் காட்டிப் பேச முடியும்.