பழைய ராக் குழு மறுபடி சேர்கிறதாமே, டிக்கெட் வாங்கலாமா?

பிரிந்துபோன பழைய ராக் குழுக்கள் மறுபடி மேடையேற வேண்டுமா என்று கேட்டால், ஒரு ராத்திரிக்கோ நாலு ராத்திரிக்கோ தாராளமாகச் சேரட்டும் என்பேன். ஒன்றரை வருஷம் ஊர் ஊராகப் போவதென்றால் நிறையவே யோசிக்கட்டும். நான் லண்டனில் கணக்கு வேலை பார்க்கிறேன். வார இறுதியில் ஒரு சின்ன பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஏதாவது ஒரு குழு மறுபடி சேர்கிறது என்று செய்தி வந்தால் போதும், "போகலாமா, காசு வீணாகுமா?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். இருநூறு பவுண்ட் சாதாரணத் தொகை இல்லை. அவர்களுக்குச் சொல்வதை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் டிரம்மர் யார் என்று பாருங்கள். போஸ்டரில் பாடகர் முகமும் கிட்டார்காரர் முகமும்தான் பெரிதாக இருக்கும். ஆனால் குழுவின் நடை டிரம்மரிடம் இருக்கிறது. ஒரே தாளத்தை இரண்டு பேர் வாசித்தால், ஒருவருடைய அடி துளி முன்னால் விழும், இன்னொருவருடையது துளி பின்னால் விழும். அந்தத் துளியை நம்பித்தான் மற்றவர்கள் தங்கள் வாசிப்பைப் பழக்கியிருப்பார்கள். லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம். அவர் வாசித்த பதிவு எதையாவது போட்டு ஸ்நேர் (நடுவில் இருக்கும், சுரீரென்று ஒலிக்கும் டிரம்) அடியை மட்டும் கவனியுங்கள். கிட்டார் அவசரப்படும்போதும் அவர் அவசரப்படமாட்டார். அந்த இழுவிசைதான் அந்தக் குழு. அவர் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார். அந்த டிசம்பரிலேயே குழு முடிந்தது என்று மற்ற மூவரும் (பாடகர் பிளான்ட், கிட்டார்காரர் பேஜ், பேஸ் கிட்டார் வாசித்த ஜோன்ஸ்) அறிவித்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

அதற்குப் பிறகு அவர்கள் பெரிய மேடையில் மூன்று முறை சேர்ந்தார்கள். ஒரு மறுசேர்க்கையை எப்படி எடைபோடுவது என்பதை அந்த மூன்றே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதலாவது 1985 ஜூலை 13, பிலடெல்பியாவில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி. டிரம்ஸில் இரண்டு பேர்: டோனி தாம்ப்சன், ஜெனசிஸ் குழுவின் ஃபில் காலின்ஸ். காலின்ஸ் அன்றைக்குப் பகலில் லண்டன் வெம்ப்ளியில் வாசித்துவிட்டு, கான்கார்ட் விமானம் பிடித்து அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். ஒத்திகை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பிளான்டின் தொண்டை கட்டியிருந்தது, பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை, இரண்டு டிரம்மர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். 2004இல் அந்த நிகழ்ச்சியை டிவிடியாக வெளியிட்டபோது தங்கள் பகுதியைச் சேர்க்க வேண்டாம் என்று குழுவே சொல்லிவிட்டது.

இரண்டாவது 1988 மே, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், அவர்கள் இசைத்தட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் நாற்பதாம் ஆண்டு விழா. இந்த முறை டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். ரத்தத்திலேயே தாளம் இருக்கிற பையன். அப்படியிருந்தும் கச்சேரி எடுபடவில்லை. ஆக, டிரம்மர் சரியாக அமைந்தாலும் அது பாதிதான்.

மூன்றாவது 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். அட்லாண்டிக்கை நிறுவிய அஹ்மத் எர்டெகுனுக்கு அஞ்சலி. டிரம்ஸில் அதே ஜேசன், இப்போது நாற்பதைக் கடந்தவர். நவம்பரில் நடக்க வேண்டியது, பேஜுக்கு விரல் முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்கு முன்பே வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். பதினாறு பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். 2012இல் அது படமாக வந்தபோது ஜேசனின் கைகளை மட்டும் பார்ப்பதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். அப்பாவின் அடியை அப்படியே நகலெடுக்காமல், அது எங்கே விழ வேண்டுமோ அங்கே விழவைக்கிறார். மேடையில் மற்ற மூவரும் அவரை நெருங்கி நின்று வாசிப்பதைப் பாருங்கள். அவ்வளவு பெரிய மேடையில் நாலு பேரும் ஒரு சின்ன அறையில் இருப்பதைப் போல நிற்கிறார்கள்.

அதே மூவர், அதே மகன். 1988க்கும் 2007க்கும் நடுவே மாறியது ஒத்திகையும் வயதும்தான். அதனால் டிரம்மருக்கு அடுத்து ஒத்திகையைப் பற்றி விசாரியுங்கள். பேட்டிகளில் இது எப்படியும் வெளியே வந்துவிடும். "ஒரு மாசமாக தினமும் வாசிக்கிறோம்" என்று சொன்னால் நல்ல அடையாளம். ஒத்திகையைப் பற்றி யாரும் வாய் திறக்காமல், "நாங்கள் இப்போது நல்ல நண்பர்கள்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் சுருதி. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயதான பாடகர் ஒரு கட்டை இறக்கிப் பாடுவதை நாம் குறையாக நினைப்பதில்லை. ஓ2வில் லெட் செப்பலின் பல பாட்டுகளை ஒரு கட்டை இறக்கித்தான் வாசித்தார்கள், அது சரியான முடிவு. இருபத்தைந்து வயதில் எட்டிய உச்சத்தை அறுபதில் எட்டப் பார்த்துத் தொண்டை பிளப்பதைவிட, இறக்கிப் பாடி வரியைச் சொல்வது எவ்வளவோ மேல். எனவே சுருதியை இறக்கிவிட்டார்கள் என்று யாராவது புகார் சொன்னால் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்: பாடகர் வாயை மூடியிருக்கும்போதும் குரல் கேட்கிறதா? பதிவுசெய்த குரலைப் பின்னால் ஓடவிடுவது இப்போது சர்வசாதாரணம். சுற்றுப்பயணத்தின் முதல் இரண்டு ராத்திரி முடிந்ததும் ரசிகர்கள் போனில் எடுத்த வீடியோக்கள் யூட்யூபில் வரும். ஒலி மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பாட்டின் நடுப்பகுதியை எடுத்துப் பாடகரின் வாயையும் கேட்கும் குரலையும் சேர்த்துப் பாருங்கள். வேகத்தையும் பாருங்கள், பழைய நேரடிப் பதிவோடு ஒப்பிட்டால், கனத்துக்காக மெதுவாக வாசிக்கிறார்களா, கை ஓயாமல் இருக்க மெதுவாக வாசிக்கிறார்களா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

உடம்பு முடியாதபோது சேரக் கூடாதா? இதில் என் கருத்தை ஜெனசிஸ் மாற்றியது. 2022 மார்ச்சில் அதே ஓ2 அரங்கில் அவர்களுடைய கடைசி நிகழ்ச்சிகள் நடந்தன. அந்தக் குழுவின் டிரம்மராக இருந்து பாடகரும் ஆன ஃபில் காலின்ஸுக்கு முதுகுத்தண்டுப் பிரச்சினை. நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார், குச்சி பிடிக்க முடியாத நிலை. டிரம்ஸில் அவர் மகன் நிக், இருபது வயது. ஒரு டிரம்மராக எனக்கு அது பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். நிக் வாசிக்கத் தொடங்கிய சில நிமிஷங்களில் அந்தப் பயம் போய்விட்டது. டாம் என்கிற டிரம்களில் அவர் இறங்கிய விதத்தில் அப்பா அப்படியே இருந்தார். அப்பா முன்னால் உட்கார்ந்து, தான் ஒரு காலத்தில் வாசித்ததை முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு பாடினார். முடியாததை மறைக்கவில்லை என்பதுதான் அந்தக் கச்சேரியின் பலம். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் பிளாக் சாபத் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னும் அப்படித்தான், சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பார்க்கின்சன் நோய் அவரை நடக்கவிடவில்லை. பதினேழு நாள் கழித்து இறந்துபோனார். உடம்பைப் பார்த்து டிக்கெட்டை ஒதுக்காதீர்கள். அதைக் குழு எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள்.

அந்த வில்லா பார்க் நாளில் இன்னொன்றும் இருக்கிறது. பிளாக் சாபத்தின் முதல் டிரம்மர் பில் வார்ட் அன்றைக்கு வந்து வாசித்தார். 2012இல் குழு மறுபடி சேர்ந்து கிளம்பியபோது, ஒப்பந்தம் சரியில்லை என்று அவர் விலகியிருந்தார். 2017 பிப்ரவரியில் அதே பர்மிங்ஹாமில் நடந்த "கடைசி" கச்சேரியிலும் அவர் இல்லை. வேறொருவர் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பினார். ஆனால் அசல் நாலு பேரும் நின்று வாசித்த அந்த நாலே பாட்டுக்கு நான் அந்த முழுச் சுற்றுப்பயணத்தையும் கொடுத்துவிடுவேன். விளம்பரத்தில் "அசல் குழு" என்று போட்டிருந்தால் சிறிய எழுத்தில் பெயர்களை எண்ணுங்கள். யார் இல்லை, இறந்ததால் இல்லையா, பணத் தகராறினால் இல்லையா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இறந்தவரின் இடத்தில் வேறொருவர் வருகிறார் என்றால் வீட்டாரின் சம்மதத்தைத் தேடிப்பாருங்கள். ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்தார். என்னைப் போன்றவர்களுக்கு அவர் வாசிப்பு பாடப்புத்தகம். அவர் இல்லாமல் ரஷ் என்ற பெயர் மேடையேறக் கூடாது என்று நானும் நினைத்தவன்தான். 2026க்கான பயணத்தைக் குழுவின் மற்ற இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் அறிவித்தபோது, டிரம்ஸுக்கு அனிகா நில்லெஸ் என்ற ஜெர்மானியப் பெண்ணை அழைத்திருந்தார்கள். பியர்டின் மனைவியும் மகளும் ஆதரவு சொல்லி அறிக்கை விட்டார்கள். நில்லெஸ் பியர்டைப் போல வாசிப்பவர் கிடையாது, அவருக்கென்று தனி நடை உண்டு. அதனாலேயே எனக்கு இதில் ஆர்வம் வந்தது.

ஏன் சேர்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பணத்துக்காகச் சேர்ந்தால் கச்சேரி மோசமாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வாசிப்பவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. ஆனால் பணத்தைத் தவிர இன்னொரு காரணம் இருக்கும்போது வாசிப்பில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. 1982இல் பீட்டர் கேப்ரியல் நடத்திய உலக இசை விழா கடனில் மூழ்கியபோது, அவர் விட்டுப்போன ஜெனசிஸ் நண்பர்கள் அந்த அக்டோபரில் மில்டன் கீன்ஸில் ஒரே ஒரு நாள் கொட்டும் மழையில் அவரோடு சேர்ந்து வாசித்துக் கடனை அடைக்க உதவினார்கள். 2005 ஜூலையில் லைவ் 8 என்ற பொதுநலக் கச்சேரிக்காக ஹைட் பார்க்கில் பிங்க் ஃபிளாய்ட் நால்வரும் 24 வருஷம் கழித்து ஒன்றாக நின்றார்கள். அரை மணி நேரம்கூட இல்லை. பிறகு பெரும் தொகைகள் பேசப்பட்டன, கிட்டார்காரர் டேவிட் கில்மர் மறுத்தார். இனி இது வேண்டாம் என்பதை அந்த ஒத்திகைகளே தனக்கு உறுதிப்படுத்திவிட்டன என்றார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இல் இறந்ததோடு அந்தப் பேச்சே முடிந்துபோனது.

தேதிகளின் எண்ணிக்கையைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் க்ரீம் என்ற மூவர் குழு. 1968இல் விடைபெற்ற அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் 2005 மே மாதம் நாலு ராத்திரி வாசித்தார்கள். அபாரம். கிட்டார்காரர் கிளாப்டன், பேஸ் வாசித்த ஜாக் புரூஸ், டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் மூவரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அக்டோபரில் நியூயார்க் போனார்கள். அங்கே புரூஸுக்கும் பேக்கருக்கும் நடுவே ஒலி அளவைப் பற்றிய பழைய தகராறு மறுபடி தலைதூக்கியது. அதற்குமேல் அவர்கள் சேரவே இல்லை.

நீண்ட பயணம்தான், ஆனாலும் போகத்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், முதல் வாரத்தைத் தவிருங்கள். 2007இல் போலீஸ் குழு வான்கூவரில் பயணம் தொடங்கியபோது, இரண்டாவது ராத்திரி எவ்வளவு சொதப்பலாகப் போனது என்று டிரம்மர் ஸ்டுவர்ட் கோப்லண்டே தன் தளத்தில் எழுதினார். பாடகர் ஸ்டிங்கும் தானும் எங்கெங்கே தாளம் தவறினோம் என்று விவரமாகச் சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்றாவது, நாலாவது வாரத்தில் கைகள் பழகியிருக்கும். கடைசி மாதத்தில் உடம்பு களைத்திருக்கும். நடுவே ஒரு தேதி எடுங்கள்.

பணம். ஓ2வில் லெட் செப்பலினுக்கு டிக்கெட் 125 பவுண்ட், இரண்டு கோடி விண்ணப்பங்கள், குலுக்கல் முறை. அது நியாயமான வழி. 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் குழுவின் மறுசேர்க்கைக்கான டிக்கெட் விற்பனையில், மணிக்கணக்கில் இணைய வரிசையில் நின்றவர்கள் முன் வந்தபோது, 150 பவுண்ட் சொன்ன நிற்கும் இடத்துக்கு 355 பவுண்ட் காட்டியது. அந்தப் பதற்றத்தில் விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிடும். அதனால் வரிசையில் சேரும் முன்பே உங்கள் உச்சத் தொகையை ஒரு தாளில் எழுதி எதிரே வையுங்கள். தாண்டினால் மூடிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தின சில நாட்களில், போக முடியாதவர்கள் வாங்கின விலைக்கே விற்கும் தளங்களில் இடம் கிடைப்பதுண்டு. மேடைக்கு நேர் முன்னால் நிற்பதைவிட, ஒலி கலக்கும் மேசைக்கு அருகில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கச்சேரியின் ஒலியை அங்கே இருப்பவர் தன் காதுக்குத்தான் சரிசெய்கிறார்.

சில சமயம் ஒருவர் மட்டும் மாட்டேன் என்பார். 2007க்குப் பிறகு பேஜும் ஜோன்ஸும் ஜேசனும் தொடர விரும்பினார்கள், பிளான்ட் அலிசன் கிராஸ் என்ற பாடகியோடு வேறு பாட்டுகளைப் பாடப் போய்விட்டார். அவரைத் திட்டுகிற ரசிகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒப்புதல் இல்லை. மனசில்லாத பாடகரை இழுத்துவந்து நிறுத்தினால் 1985தான் திரும்ப நடக்கும். பிளான்ட் இப்போது சேவிங் கிரேஸ் என்ற குழுவோடு சிறிய அரங்குகளில் பாடுகிறார். அவர் பழைய பாட்டு ஒன்றிரண்டை வேறு நடையில் அங்கேயும் எடுப்பதுண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் அதற்கு டிக்கெட் வாங்குங்கள்.