உணவுக் கழிவை அமிலங்களாக்கும் நொதித்தல்: பிஎச் அளவைப் பேணும் முறை

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் மிஞ்சும் கனிந்த வாழைப்பழங்களையும் மரக்கறித் தோல்களையும் வீட்டில் எஞ்சிய சோற்றையும் சிறிதாக நறுக்கி, அவை மூழ்குமளவு நீர்விட்டு, வாயு வெளியேறக் குழாய் பொருத்திய பிளாஸ்ரிக் வாளியில் மூடிவையுங்கள். ஐதரசனும் காபனீரொட்சைட்டும் உருவாகக்கூடுமாதலால் வாளியை முற்றாக அடைப்பதும் அருகில் நெருப்பு மூட்டுவதும் ஆபத்தானவை.

எந்த நுண்ணங்கி மேலோங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அமிலத்தன்மை கூடக் குறையும் எண்ணாகிய பிஎச் அளவே. எதையும் சேர்க்காது விட்டால் இலற்றிக்கமில பற்றீரியாக்கள் பெருகி அதை ஏறத்தாழ 4 வரை, சிலவேளை அதற்குக் கீழும், இறக்கிவிடும். அந்நிலையில் அயனாகாத அமில மூலக்கூறுகள் கலமென்சவ்வைக் கடந்து உட்புகுந்து, ஏனைய நுண்ணங்கிகளை அடக்குவதோடு, ஈற்றில் அப்பற்றீரியாக்களின் வேகத்தையும் குறைக்கின்றன. 5 இற்கும் 6 இற்கும் இடையில் பேணினால், குளொஸ்திரிடியம் போன்ற பற்றீரியாக்கள் பியூற்றிரிக்கமிலத்தையும் அசற்றிக்கமிலத்தையும் ஆக்க இடமுண்டு. 7 ஐ அண்மித்தாலோ மெதேனாக்கும் நுண்ணங்கிகள் வளர்ந்து, நாம் சேமிக்க விரும்பிய அசற்றிக்கமிலத்தையே உண்ணத் தொடங்கும். முதன்முறை செய்பவருக்கு இலற்றிக்கமிலமே ஏற்றது என்பேன். பியூற்றிரிக்கமிலத்தின் நாற்றம் அயலவரையும் வருத்தும்.

காலையும் மாலையும் பிஎச் தாளால் அளந்து, நீங்கள் பேண விரும்பும் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால், கையுறை அணிந்து, நீற்றிய சுண்ணாம்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறும் யாழ்ப்பாணக் கிணற்று நீரிலுள்ள இருகாபனேற்று என்னும் கரைந்த உப்பு, நொதித்தலில் உருவாகும் அமிலத்தின் ஒரு பகுதியைத் தானே நடுநிலையாக்குவதால், மழைநீருக்கு வேண்டியதைவிடக் குறைந்த சுண்ணாம்பே போதும். நன்கு நொதித்த கரைசலில் சிறிதளவை அடுத்த வாளிக்கு விதையாக இட்டு, அதே பிஎச் அளவைத் தொடர்ந்து பேணுங்கள்.