ஹெச்டி புராஜெக்ட்டை எஸ்டி டிவிடி ஆக்குவது: எழுத்தின் புள்ளி அழியாமல், கசவுக் கரை துடிக்காமல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோவை பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, "அம்மாச்சி பார்க்க ஒரு டிவிடியும் போட்டுத் தாங்க" என்று கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஹெச்டியில் அழகாக இருந்த படம் டிவிடியில் மங்கி, நடுங்கி வந்தால் பழி பிளேயர் மேல் விழுகிறது. பெரும்பாலும் தப்பு நடப்பது மாற்றும் இடத்தில்தான்.

முதலில் கணக்கு. ஹெச்டி 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல். டிவிடியில் வரும் எஸ்டி (சாதாரணத் தரம்), நம் நாட்டு பால் (PAL) டிவி முறையில், 720 × 576, அதாவது 4,14,720 பிக்சல். சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மற்ற நான்கு பங்கில் எது போகலாம், எது போகக் கூடாது என்பதை நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

படி 1: எடிட்டிங்கை ஹெச்டியிலேயே முடியுங்கள்

எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் புரோவில் புதிதாக எஸ்டி சீக்வென்ஸ் (டைம்லைன்) திறந்து கிளிப்புகளை எல்லாம் அதில் காப்பி-பேஸ்ட் செய்யாதீர்கள். மோஷன் கீஃப்ரேம், டைட்டில் நிற்கும் இடம், ஆல்பம் டெம்ப்ளேட் எல்லாம் 1920 அளவுக்கு வைத்தவை. 720-க்குள் வந்ததும் ஒன்றுவிடாமல் இடம் மாறும். ஹெச்டி சீக்வென்ஸை முழுதாக முடித்து, புராஜெக்ட்டை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவிட்டு, அந்தப் பிரதியில் டிவிடி வேலையைத் தொடங்குங்கள். சுருக்கும் வேலை ஒரே ஒரு தடவை, கடைசியில் எக்ஸ்போர்ட்டில் மட்டும் நடக்கட்டும்.

படி 2: எழுத்துகளைப் பாருங்கள்

அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். 576 ÷ 1080 = 0.533. ஹெச்டியில் 4 பிக்சல் உயரம் உள்ள கோடு எஸ்டியில் 2 வரி ஆகும்; 2 பிக்சல் கோடு ஒரே வரி ஆகும். இன்டர்லேஸ் படத்தில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவதால், ஒற்றை வரிக் கோடு நொடிக்கு 25 தடவை தோன்றி மறையும். கண்ணுக்கு அது துடிப்பாகத் தெரியும்.

தமிழ் எழுத்தில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. மெல்லிய ஃபான்டில் "செல்வன்" என்று போட்டால், இரண்டு புள்ளியும் கரைந்து "செலவன" என்று நிற்கும். மாப்பிள்ளை பெயர் அப்படி வந்தால் யார் பொறுப்பார்கள்? தடித்த, ஒரே கனமுள்ள ஃபான்டுக்கு மாறுங்கள். ஹெச்டி டைம்லைனில் எழுத்துயரம் 80 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். பூமாலை வரி, பார்டர் கோடு எதுவும் 4 பிக்சலுக்குக் கீழே போக வேண்டாம். டைட்டில்கள் நடுவில் 1536 × 864 அளவுக்குள் அடங்கட்டும். பழைய டிவிகள் ஓரத்தை வெட்டித்தான் காட்டும்.

படி 3: படத்தின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

அகலத்திரை 16:9 டிவிடிதான் நல்லது. அதிலும் பிக்சல் எண்ணிக்கை 720 × 576-தான். ஒவ்வொரு பிக்சலும் அகலமாக நீட்டிக் காட்டப்படும். பழைய 4:3 டிவிக்கென்றே கேட்டால் இரண்டு வழி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டால் படத்துக்கு 432 வரிதான் மிஞ்சும். பக்கங்களை வெட்டினால் ஹெச்டியில் இடமும் வலமும் 240 பிக்சல் போகும். குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கும் சித்தப்பாவும் மாமியும் காணாமல் போவார்கள். கல்யாண வீடியோவில் நான் பட்டையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

படி 4: ஃபீல்டு வரிசையைச் சரிபாருங்கள்

50ஐ-யில் (நொடிக்கு 50 பாதிப் படம், இன்டர்லேஸ்) எடுத்த காட்சியில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதி; ஒரு பாதிக்குப் பெயர் ஃபீல்டு. இரண்டாவது பாதி 1/50 நொடி கழித்து எடுத்தது. ஹெச்டியில் அப்பர் ஃபீல்டு முதலில் வரும். பழைய டேப் கேமராக்களின் DV-பால் ஃபார்மட்டில் லோயர் முதலில். இந்த வரிசை தப்பாகப் பதிவானால் அசைவு முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போகும். மணவறைக் காட்சியில் இது தெரியாமல் தப்பிக்கலாம். வாசலில் செண்டை மேளம் அடிக்கும் கையைப் பாருங்கள்: ஒரு குச்சி இரண்டாகப் பிளந்து நடுங்கும்.

பிரீமியர் புரோவில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து, மாடிஃபை, இன்டர்பிரட் ஃபுட்டேஜ் என்று போனால் ஃபீல்டு ஆர்டர் தெரியும். கேமராவில் எடுத்தபடி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். 50பி-யில் (நொடிக்கு 50 முழுப் படம், புரொகிரசிவ்) எடுத்தது அருமையாக 50ஐ ஆகும். 25பி-யை அப்படியே புரொகிரசிவாக விடுங்கள்.

சொந்தக்காரர் மொபைலில் எடுத்த 30 ஃப்ரேம் காட்சி இருந்தால், 25-க்குக் குறையும்போது நொடிக்கு 5 ஃப்ரேம் உதிர்ந்து தத்தித் தத்தி ஓடும். மொபைல் ஃபைலில் ஃப்ரேம் வேகம் நிலையாகவும் இருக்காது; போகப் போக ஆடியோ விலகும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: துடிக்கும் காட்சிகளை அடக்குங்கள்

ஓட்டு வீட்டுக் கூரை, சுசீந்திரம் கோபுரத்தின் நெருக்கமான சிற்பங்கள், கசவுச் சேலையின் மெல்லிய சரிகைக் கோடு எல்லாம் எஸ்டியில் மினுமினுக்கும். அந்தக் கிளிப்பில் மட்டும் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் மோஷன் பகுதிக்குள் ஆன்டி-ஃபிளிக்கர் ஃபில்டரை 0.3-இல் தொடங்கி, தேவைப்பட்டால் 0.6 வரை கூட்டுங்கள். முழுப் படத்துக்கும் போட்டால் மணப்பெண்ணின் கண் இமையும் மழுங்கிவிடும். ஷார்ப்பன் ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். துடிப்பைப் பெருக்குவது அதுதான்.

படி 6: எக்ஸ்போர்ட்

ஃபைல், எக்ஸ்போர்ட், மீடியா. ஃபார்மட் எம்பெக்2-டிவிடி, பால், 25 ஃப்ரேம், அகலத்திரை 16:9, ஃபீல்டு அப்பர் (25பி என்றால் புரொகிரசிவ்). யூஸ் மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டியை டிக் செய்யுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இதுதான் கூர்மையைக் காப்பாற்றும். யூஸ் பிரீவியூஸ் வேண்டாம்.

ஸ்கேலிங்கில் ஒரு நுணுக்கம். பிரீமியர் இந்தப் பிக்சலின் அகலத்தை 1.4587 என்று கணக்கிடுகிறது. அதனால் ஹெச்டி படத்தை அப்படியே பொருத்தினால் இரு பக்கமும் சுமார் 9 பிக்சல் கறுப்பு விழும். ஸ்கேல் டு ஃபில் கொடுத்தால் கறுப்பு போகும், பதிலுக்கு மேலும் கீழும் 7 வரி அளவு வெட்டுப்படும். அந்த 7 வரி யாருக்கும் தெரியாது, ஃபில் போடுங்கள்.

பிட்ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை மெகாபிட் டேட்டா, அதாவது எம்பிபிஎஸ்) எளிய வழி: 560-ஐ மொத்த நிமிடத்தால் வகுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் 90 நிமிடம் என்றால் 6.2 எம்பிபிஎஸ். அதில் ஆடியோவைக் கழிக்க வேண்டும். டால்பி டிஜிட்டல் 192 கேபிபிஎஸ் என்றால் வீடியோவுக்கு 6 கிடைக்கும். சுருக்காத பிசிஎம் ஆடியோ 1.5 எம்பிபிஎஸ் தின்றுவிடும், வீடியோவுக்கு 4.7-தான். 120 நிமிடத்துக்கு டால்பியோடு 4.4 வரும், சமாளிக்கலாம். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் 3-க்கும் கீழே போய், மேளக்காரர்களைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடையும். தாலிகட்டு ஒரு டிஸ்க், வரவேற்பு இன்னொரு டிஸ்க் என்று பிரித்துவிடுங்கள். விபிஆர் 2 பாஸ் (காட்சிக்கேற்ப பிட்ரேட்டை மாற்றி, இரண்டு தடவை ஓட்டி என்கோட் செய்வது) வையுங்கள். டிவிடி வீடியோவின் உச்ச வரம்பு 9.8 என்றாலும், நிகழ்ச்சி சின்னதாக இருந்தால்கூட 8-ஐத் தாண்ட வேண்டாம்; எழுதிய டிஸ்க்கைப் பழைய பிளேயர் படிக்கத் திணறும்.

படி 7: டிஸ்க் எழுதிப் பார்ப்பது

ஆத்தரிங் சாஃப்ட்வேர் (ஃபைலை டிவிடி வடிவில் அமைப்பது) ஃபைலைத் திரும்ப என்கோட் செய்யாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். செய்தால் இவ்வளவு வேலையும் வீண். 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் மானிட்டரில் ஃபீல்டு பிழை ஒளிந்துகொள்ளும், அதனால் சோதனை பிளேயரும் டிவியும் வைத்துத்தான். மூன்று இடத்துக்கு நேராகத் தாவிப் பாருங்கள்: பெயர் டைட்டில், செண்டை மேளம், கசவுக் கரை தெரியும் ஒரு குளோஸ்-அப். அகலத்திரை டிவியிலும் முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால், ஆத்தரிங்கில் 4:3 என்று குறித்திருக்கிறீர்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் 16:9 ஆக்கித் திரும்ப எழுதினால் போதும், எக்ஸ்போர்ட்டைத் தொட வேண்டியதில்லை.