ரீமேப் செய்த டீசல் காரை எம்.ஓ.டி.க்குக் கொண்டு போகும் முன்

பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த ஏறக்குறைய ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். டீசல் காரை ரீமேப் செய்தவர்களும் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றியவர்கள்), டி.பி.எஃப். என்னும் கரித்துகள் வடிகட்டியைக் குடைந்து எடுத்தவர்களும் வெகுநாள் ஒரே நம்பிக்கையில் ஓட்டினார்கள்: புகையை அளக்கும் ஸ்மோக் மீட்டரில் எண் வரம்புக்குள் வந்தால் போதும். 2018 மே 20-க்குப் பிறகு அது போதாது.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்தில் சோதனையை நடத்துவது வேறு நிர்வாகம்.

என்ன மாறியது?

2014 பிப்ரவரியில் முதல் மாற்றம் வந்தது. தொழிற்சாலையில் டி.பி.எஃப். பொருத்திய காரில் அது இல்லையென்றால் ஃபெயில். ஆனால் டெஸ்டர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். அதனால் டப்பாவை அறுத்து, உள்ளிருக்கும் பீங்கான் கட்டியை உடைத்துக் கொட்டிவிட்டு, திரும்ப வெல்டிங் வைப்பது ஒரு தொழிலாகவே நடந்தது.

2018 விதிகள் அந்த ஓட்டையை அடைத்தன. டி.பி.எஃப். உள்ள காரின் எக்ஸாஸ்டில் எந்த நிறத்தில் புகை கண்ணுக்குத் தெரிந்தாலும் அது பெரிய குறை, அதாவது ஃபெயில். வடிகட்டியில் கை வைத்த தடயம் தெரிந்தாலும் அப்படியே. டப்பாவில் அறுத்து ஒட்டிய தடம் இருந்தால், சுத்தம் செய்யத்தான் திறந்தோம் என்பதற்கு நீங்கள் ஆதாரம் காட்ட வேண்டும். மீட்டர் வரம்பும் இறுகியது.

படி 1: உங்கள் காரின் வரம்பைக் கண்டுபிடியுங்கள்

லாக் புக்கில் (காரின் பதிவுச் சான்றில்) முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2008 ஜூலை 1-க்கு முந்தைய கார் என்றால் டர்போ இல்லாததற்கு 2.5, டர்போ உள்ளதற்கு 3.0. அந்தத் தேதியிலிருந்து வந்தவற்றுக்கு 1.5. 2014 ஜனவரி 1 முதல் வந்தவற்றுக்கு 0.7. புகை ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதன் கணக்கு இது.

இவை பொது வரம்புகள். புதிய கார்களில் பானெட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ உள்ள தயாரிப்பாளர் பிளேட்டில், சிறு கட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். 0.5 என்று இருந்தால் டெஸ்டர் அதைத்தான் எடுப்பார். 1.5 வரை போகலாம் என்று நம்பிப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

பழைய காரை வாங்கியவர்கள், பதிவு எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. வரலாற்றையும் பாருங்கள். புகை பற்றிய பழைய குறிப்பு எதுவும் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

படி 2: வடிகட்டி உள்ளே இருக்கிறதா?

இன்ஜின் ஆறியபின் எக்ஸாஸ்ட் முனைக்குள் வெள்ளைத் துணியால் துடையுங்கள். வடிகட்டி வேலை செய்யும் காரில் துணி ஏறக்குறைய சுத்தமாக வரும். மை போலக் கருப்பு அப்பினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, கார் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் டி.பி.எஃப். அழுத்த வேறுபாட்டை, அதாவது வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசத்தைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அது பூஜ்யம். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, சில மில்லிபார் இருக்கும், 2,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை முடுக்கினால் தெளிவாக ஏறும். முடுக்கியும் எண் அசையவில்லையென்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: உள்ளே கட்டி இல்லை, சென்சார் குழாய் வெடித்திருக்கிறது, அல்லது சென்சாரே செத்துவிட்டது. மாறாக ஐடிலிலேயே எண் எகிறி நின்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது.

அடைப்பு லேசானது என்றால் நெடுஞ்சாலையில் 20, 30 நிமிடம் 2,500 ஆர்.பி.எம். அளவில் சீராக ஓட்டுங்கள். வடிகட்டிக்குள் சூடு 600 டிகிரி அளவுக்கு ஏறி, கரி எரிந்து போகும். இடையில் ஐடில் சற்று உயர்ந்து, ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடினால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அப்போது இன்ஜினை நிறுத்தாதீர்கள். பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் மகிழ வேண்டாம், ஆயிலை மாற்றுங்கள்.

படி 3: எடுத்துவிட்ட வடிகட்டியைத் திரும்பப் பொருத்துதல்

பணம் அதிகம் போவதும் தவறு அதிகம் நடப்பதும் இந்த வேலையில்தான்.

தேவையானவை: டைப் அப்ரூவல் என்னும் தர அங்கீகாரம் பெற்ற டி.பி.எஃப். (உடலில் ‘ஈ’ முத்திரையும் 103 என்ற விதி எண்ணும் பொறித்திருக்கும்), இருபுறத்துக்கும் புதிய கேஸ்கெட், கிளாம்ப், போல்ட், அழுத்த வேறுபாட்டு சென்சாருக்கான இரண்டு குழாய்கள். வெப்ப சென்சார்களின் மரை பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், மாட்டும்போது மரை மீண்டும் இறுகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையைத் தடவுங்கள்.

சென்சாரின் இரு குழாய்களையும் இடம் மாற்றிச் செருகிவிடாதீர்கள். ஒன்று வடிகட்டிக்கு முன்னால், மற்றது பின்னால். மாறினால் இன்ஜின் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தலைகீழ்க் கணக்கு போகும், எச்சரிக்கை விளக்கு எரியும்.

பொருத்தியாயிற்று என்று வேலையை முடித்துவிடாதீர்கள். டி.பி.எஃப். எடுத்தபோது ஈ.சி.யூ.வில் ஏற்றிய மென்பொருள், கரியை எரிக்கும் வேலையையே அணைத்து வைத்திருக்கும். அதை அப்படியே விட்டுப் புது வடிகட்டி மாட்டினால், கொடுத்த காசெல்லாம் கரியாக அடைத்துக்கொள்ளும். தயாரிப்பாளரின் மூல ஃபைலை ஏற்றுங்கள். பிறகு ஸ்கேனரில் ‘புதிய வடிகட்டி’ என்று பதிந்து பழைய கரி, சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். பெஷோ, சிட்ரோயன் கார்கள் பலவற்றில் டீசலோடு கலக்கும் சேர்மானத் திரவத்துக்குத் தனித் தொட்டி உண்டு. அது காலியாக இருந்தால் எரிப்பு சரியாக நடக்காது.

இன்ஜின் ஆயில் சாம்பல் குறைந்த வகையாக, கார் கையேடு சொல்லும் ரகமாக இருக்கட்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. மலிவான ஆயில் விட்டுச் செல்லும் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

படி 4: ஈ.ஜி.ஆர்., எச்சரிக்கை விளக்கு

எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வை அடைக்கத் தகடு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தொழிற்சாலை பொருத்திய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் இருந்தாலோ, மாற்றியிருப்பது வெளிப்படையாகத் தெரிந்தாலோ ஃபெயில்தான். வால்வைக் கழற்றி கரியைச் சுரண்டி, புது கேஸ்கெட்டோடு மாட்டினால் பல கார்களுக்குப் போதும்.

2008 ஜூலை 1 முதல் பதிவான டீசல் கார்களில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கையும் பார்ப்பார்கள். சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். பல்பையே எடுத்துவிட்டால் தப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எரியாத விளக்கும் ஃபெயில்தான்.

ரீமேப்பை டெஸ்டர் கணினியில் தேட மாட்டார். அது புகையாக வெளியே வந்தால் மட்டுமே சிக்கல். ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத ரீமேப், விபத்து நாளில் வேறு விதமாகக் கடிக்கும்.

படி 5: புகையின் நிறத்தைப் படியுங்கள்

கருப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு: அளவு மீறிய ரீமேப், அடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) குழாய், கசியும் இன்ஜெக்டர். இன்டர்கூலர் குழாயில் விரல் வைத்து அடிப்பக்கம் வரை தடவுங்கள். ஆயில் பிசுக்கு ஈரமாக இருக்கும் இடத்தில்தான் வெடிப்பு இருக்கும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, டர்போ சீலைச் சந்தேகியுங்கள். சூடேறிய பின்னும் வெள்ளை நிற்கவில்லையென்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட்.

படி 6: சோதனை நாள்

சான்றிதழ் காலாவதி நாளுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்பே போனாலும் அடுத்த ஆண்டின் தேதி மாறாது. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. ஆயில் அளவையும் டைமிங் பெல்ட் மாற்றிய பதிவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சோதனையில் இன்ஜினை உச்ச வேகம் வரை முடுக்குவார்கள். ஆயில் சூடு 80 டிகிரியாவது இருக்க வேண்டும். நெடுஞ்சாலை வழியாக அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நேராக உள்ளே விடுங்கள். வாசலில் ஐடிலில் காத்திருந்தால் குழாயில் கரி சேரும். முதல் முடுக்கலிலேயே எண் குறைவாக வந்தால் முடிந்தது. இல்லையென்றால் ஆறு முடுக்கல் வரை போய், கடைசி மூன்றின் சராசரியை எடுப்பார்கள்.

தேறிவிட்டாலும் வடிகட்டி இல்லாத காரைச் சாலையில் ஓட்டுவது குற்றம்தான். காருக்கு 1,000 பவுண்டு வரை அபராதம், வேனுக்கு 2,500 வரை. ஜெர்மனியும் நெதர்லாந்தும் 2023 முதல் டீசல் கார் சோதனையில் துகள்களையே எண்ணும் கருவியை வைத்துவிட்டன. குடைந்த வடிகட்டி ஸ்மோக் மீட்டரை ஏமாற்றலாம், அந்தக் கருவியிடம் ஐடிலிலேயே அகப்படும்.

ஃபெயில் ஆனால் காரை அந்த கராஜிலேயே பழுதுக்கு விட்டு, 10 வேலை நாளுக்குள் மறுசோதனை செய்தால், ஃபெயிலான பகுதிகளை மட்டும் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். அறிக்கையில் ‘ஆபத்தானது’ என்று ஒரு குறை இருந்தால், பழைய சான்றிதழுக்கு நாள் மிச்சம் இருந்தாலும் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.