முடிவைத் தெரிந்துகொண்டு ரஷ்யாவை வாசிப்பது

ரஷ்யப் புரட்சி நாளான நவம்பர் 7 வந்தால் பாரதியின் 'புதிய ருஷ்யா'வை மேடையில் பாடிவிடுவது நம் வழக்கம். அருமையான பாட்டு, ஆனால் அது ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியைப் பாடியது. இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தது 1917 மார்ச்சில். லெனின் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார். போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடிக்க இன்னும் எட்டு மாதம் பாக்கி. பழைய ரஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்தங்கி ஓடியதால் அந்த மார்ச்சுக்குப் 'பிப்ரவரிப் புரட்சி' என்றும், நவம்பருக்கு 'அக்டோபர்' என்றும் பெயர் வந்து குழப்பத்தைக் கூட்டிவிட்டது.

தேதிக் குழப்பம் சின்னது. அக்டோபரில் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் பெரிய தவறு. அங்கிருந்து பார்த்தால், அதற்கு முன் அறுபது ஆண்டுகள் எழுதியும் சிறைப்பட்டும் தூக்கில் தொங்கியும் போனவர்கள் எல்லாரும் லெனினுக்குப் பாய் விரிக்க வந்தவர்கள் போலத் தெரிவார்கள். நமக்கு இந்தப் பழக்கம் ஒட்டியதில் வியப்பில்லை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அனுப்பிய தமிழ்ப் புத்தகங்களில்தானே நம்மில் பலர் ரஷ்யாவைப் பார்த்தோம்? அந்த அலமாரியில் லெனின் இருந்தார். அவரோடு முரண்பட்டவர்கள் பெரும்பாலும் அவர் வைத வசவுகளுக்குள் மட்டும் இருந்தார்கள்.

'இன்டெலிஜென்ட்சியா' என்ற சொல்லை 'அறிவுஜீவிகள்' என்று பெயர்த்துவிட்டு நகர்வதும் சறுக்கல்தான். அது படிப்பைக் குறித்த சொல் மட்டும் அல்ல. அரசுக்கு இணங்கி நடந்த பேராசிரியரைக் காட்டிலும், பல்கலைக்கழகத்தை விட்டு விரட்டப்பட்ட மாணவனுக்கே அந்தப் பெயர் பொருந்தியது. வேரா ஜாசூலிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியைக் கழற்றாத ஓர் அரசியல் கைதிக்குக் கசையடி கொடுக்க உத்தரவிட்ட பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரேப்பவை 1878இல் சுட்டவர் இவர். ஆளுநர் பிழைத்துக்கொண்டார். ஜூரிகள் வேராவைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள்.

இதே வேராதான் அடுத்த தவறையும் நமக்குக் காட்டித் தருகிறார். நரோத்னிக்குகளை, அதாவது விவசாயியிடம் போன மக்கள்வாதிகளை, மார்க்சியம் வருவதற்கு முந்தைய விவரமில்லாப் பிள்ளைகள் என்று ஒதுக்கிவிடுகிறோம். கிராமத்தின் பொதுநில முறையிலிருந்தே சோஷலிசத்துக்குப் போய்விடலாம், முதலாளித்துவத்தைக் கடந்தாக வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். மார்க்சின் 'மூலதனம்' முதன்முதலாக வேற்றுமொழிக்குப் போனது ரஷ்யனுக்குத்தான், 1872இல். அதைப் படித்தவர்களுக்குள் இந்த வாதம் பெரும் சண்டையாயிற்று. 1881 பிப்ரவரியில் வேரா நேராக மார்க்சுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். மார்க்ஸ் திரும்பத் திரும்ப வரைவு எழுதினார், பக்கம் பக்கமாக. கடைசியில் மார்ச் 8 தேதியிட்டு அனுப்பியது ஒரு சின்னப் பதில். தன் நூலில் சொன்ன அந்த வரலாற்றுத் தவிர்க்கவியலாமை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியது, சூழ்ந்துள்ள கேடுகளை நீக்கினால் ரஷ்யப் பொதுநிலமே சமூக மறுமலர்ச்சிக்கு ஊன்றுகோலாகலாம் என்றார் அதில். மார்க்சே நரோத்னிக் பக்கம் ஓரடி எடுத்து வைத்திருந்தார்! வேராவோ இரண்டே ஆண்டில் எதிர்ப்பக்கம் போய், 1883இல் பிளெகானவோடு ஜெனீவாவில் முதல் ரஷ்ய மார்க்சியக் குழுவைத் தொடங்கினார். முதலாளித்துவத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பது அந்தக் குழுவின் அடிப்படை. மார்க்சின் கடிதமோ 1924 வரை அச்சேறவில்லை. அதன் வரைவுகளைக் கண்டெடுத்து வெளியிட்டவர் ரியாசனவ். அந்தப் பெயர் நினைவிருக்கட்டும்.

'போல்ஷெவிக் என்றால் பெரும்பான்மையினர்' என்று அகராதிப் பொருளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சியின் 1903 மாநாட்டில் கட்சி உறுப்பினர் யார் என்ற விதியில் வென்றது எதிரணியின் மார்த்தவ்தான், லெனின் அல்ல. பிறகு யூதத் தொழிலாளர் அமைப்பான புந்தின் ஐவரும் வேறு இருவரும் வெளிநடப்புச் செய்ய, அடுத்த வாக்கெடுப்புகளில் லெனின் பக்கம் கனத்தது. அந்தப் பெயரை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1917 இறுதியில் நாடு முழுக்க வாக்களித்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் அதிக இடம் பிடித்தது நரோத்னிக் வழிவந்த சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி. போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய கால்பங்கு வாக்கு.

சின்னச் சின்னத் தடுமாற்றங்களும் உண்டு. 'என்ன செய்ய வேண்டும்?' என்ற பெயரில் செர்னிஷெவ்ஸ்கி 1863இல் எழுதியது நாவல். லெனின் 1902இல் அதே தலைப்பை எடுத்து எழுதியது கட்சி அமைப்பைப் பற்றிய நூல். தத்துவவாதி செர்கேய் புல்ககவ் வேறு, நாவலாசிரியர் மிகாயில் புல்ககவ் வேறு.

ஒரு காலத்தில் மார்க்சியர்களாக இருந்த செர்கேய் புல்ககவ், பெர்தியாயெவ், ஸ்த்ரூவே உள்ளிட்ட ஏழு பேர் 1909இல் 'வேஹி' என்ற கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டு, இன்டெலிஜென்ட்சியாவின் சட்ட மதிப்பின்மையையும் வறட்டுக் கொள்கைப் பிடிப்பையும் சாடினார்கள். இவர்களை முன்பு பிற்போக்காளர் என்றார்கள். சோவியத் சரிந்த பிறகு தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். இரண்டுமே பின்னாலிருந்து வாசிக்கும் கோளாறு. இந்த ஸ்த்ரூவேதான் 1898இல் லெனினின் கட்சிக்கே முதல் அறிக்கை எழுதிக் கொடுத்தவர். அவர்களின் சண்டை பாதிக்குமேல் தங்கள் பழைய ஆட்களோடும் பழைய தங்களோடும்தான்.

அப்புறம், புரட்சி அறிவாளிகளை எல்லாம் விழுங்கியது என்றோ, எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள் என்றோ மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. ரஷ்ய மார்க்சியத்தின் தந்தை எனப்பட்ட பிளெகானவ் அக்டோபரை எதிர்த்தார். கார்க்கி தன் பத்திரிகையில் லெனினை விளாசினார். 1918 ஜூலையில் பத்திரிகை மூடப்பட்டது. 1922இல் பெர்தியாயெவ் போன்றோரை நாடுகடத்திய 'தத்துவவாதிகள் கப்பல்' ஒற்றைக் கப்பலும் அல்ல: செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, இரண்டும் ஜெர்மானியக் கப்பல்கள். செர்கேய் புல்ககவ் இரண்டிலும் இல்லை, அவரைக் கிரிமியா வழியாக வெளியேற்றினார்கள்.

ரியாசனவ் போகவில்லை. மாஸ்கோவில் மார்க்ஸ்–எங்கெல்ஸ் நிறுவனத்தை நடத்திக்கொண்டு, மார்க்சின் கையெழுத்தைப் படித்துப் படித்து அச்சேற்றிக்கொண்டிருந்தார். 1931இல் அவரைக் கைது செய்தார்கள். 1938 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள்.