கிராவல் குவாரிக்கு நிலம் கொடுக்கிறீர்களா? குழி வெட்டும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் செம்மண் மேட்டு நிலம் வைத்திருப்பவர்களிடம், "சும்மா கிடக்கிற பூமிதானே, கிராவல் (சரளை மண்) எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்து கேட்பது சகஜம். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் கொடுப்பதென்றால், ஹிட்டாச்சி (மண் வெட்டும் இயந்திரம்) வந்து இறங்கிய பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எடுத்து முடித்த பிறகு இந்த இடம் என்னவாக இருக்க வேண்டும் என்று முதலில் கேட்காமல் விடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். மறுபடி வெள்ளாமை செய்யப் போகிறீர்கள் என்றால் குழியின் தளம் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்து, மழைநீர் வடிய வழி இருக்க வேண்டும். குட்டையாக வேண்டும் என்றால் ஒரு பக்கமாவது மூன்றடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவு வேண்டும், இல்லையென்றால் உள்ளே விழுந்த ஆடும் பிள்ளையும் ஏறி வர வழியிருக்காது. தோப்பு என்றால் அது வேறு கணக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன். இதை முடிவு செய்யாமல் வெட்டினால் நான்கு பக்கமும் செங்குத்தான சுவர்தான் மிஞ்சும்.

அடுத்தது அளவுக் கணக்கு. ஒரு ஹெக்டேர், 2 மீட்டர் ஆழம், ஆக 20,000 கனமீட்டர் என்று ஒரே பெருக்கலில் சொல்லிவிடுவார்கள், அதை நம்பி விலை பேசாதீர்கள். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர் விட வேண்டும், புறம்போக்கு என்றால் 10 மீட்டர். நூறுக்கு நூறு மீட்டர் நிலத்தில் நாலு பக்கமும் 7.5 விட்டாலே 85க்கு 85தான் மிச்சம், அதாவது நிலத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. ஓரத்தை 45 பாகைச் சரிவாக விட்டு, மேலே ஓரடி மேல்மண்ணையும் கழித்தால் கிடைப்பது சுமார் 11,600 கனமீட்டர். யூனிட்டில் சொன்னால் (100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர்) ஏறத்தாழ 4,100 யூனிட், முதலில் சொன்ன 7,000 அல்ல. இந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் ஓரத்தைச் சுரண்டுவதும் அனுமதித்த ஆழத்தைத் தாண்டுவதும் நடக்கின்றன. கிராவல் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது, நான்கைந்து இடத்தில் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள், ஒரு மூலையில் மூன்றடியிலேயே களி வந்துவிடலாம். குழியில் அளந்த மண் டிப்பரில் ஏறும்போது உதிர்ந்து பெருகும் என்பதால், பணம் குழியில் அளந்த அளவுக்கா, டிப்பரில் ஏறிய அளவுக்கா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேல்மண் விஷயம் எனக்கு மனசு ஆறாத ஒன்று. என் சித்தப்பா நிலத்தில் முதல் வாரமே மேல்மண்ணையும் கிராவலோடு சேர்த்து ஏற்றிவிட்டார்கள், கேட்டபோது "அதுவும் மண்தானே" என்றார்கள். பத்து வருஷம் ஆகியும் அங்கே ஆவாரைகூடச் சரியாக வரவில்லை. மேல்மண்ணைத் தனியாக வழித்துக் குவிக்க வேண்டும், இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் போகக் கூடாது, போனால் அடியில் காற்றில்லாமல் மண்ணின் உயிர் செத்துவிடும். குவியல் மேல் கொழிஞ்சியோ சணப்போ விதைத்துவிட்டால் மழையில் கரையாது. ஈரமாக இருக்கும்போது அதன் மேல் வண்டி ஓட்டக் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி இந்தக் குவியலுக்கே 40 சென்ட் இடமாவது வேண்டும், இதைத் திட்டத்தில் காட்டாததால்தான் கடைசியில் "வைக்க இடமில்லை" என்று விற்கிறார்கள். இதைவிட நல்ல வழி, நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, இரண்டாவது பட்டையின் மேல்மண்ணை எடுத்த கையோடு முடிந்த முதல் பட்டையில் பரப்புவது. சீரமைப்பும் கூடவே நடந்துவிடும், கடைசியில் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று மே மாதம் பார்த்து ஆழத்தை முடிவு செய்வது இன்னொரு தவறு. வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தையில் பக்கத்துக் கிணறுகளை அளந்து பாருங்கள், குழியின் அடி அந்த நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அப்புறம் புல வரைபடத்தோடு கிராம வரைபடத்தையும் விரித்துவைத்து, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் எங்கே ஓடுகிறது என்று நடந்தே பாருங்கள். மேட்டில் வெட்டிய ஒரு குழி முதல் மழையை முழுவதும் விழுங்கிவிட்டால், கீழே அந்தக் கண்மாயை நம்பியிருக்கும் நூறு ஏக்கர் ஆயக்கட்டு (பாசன நிலம்) தவிக்கும்.

"சென்னைக்கே குவாரித் தண்ணீர் கொடுத்தார்கள், நம் குழியும் தண்ணீர் பிடிக்கும்" என்பார்கள். 2017 வறட்சியில் சென்னைக்குப் பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்தது உண்மை. ஆனால் அவை கல்குவாரிகள், அடியில் பாறை. கிராவல் நீரைத் தாங்காது, இறக்கிவிடும். குட்டை என்று முடிவு செய்யும் முன் இதையும் யோசியுங்கள்.

குழியைக் குப்பை கொட்டி மூடலாம் என்ற யோசனைக்கும் இதே பதில்தான். திருப்பூரில் பாறைக்குழிகளில் குப்பை கொட்டியதால் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். கிராவலில் குப்பையின் கசிவு இன்னும் வேகமாகக் கிணற்றுக்குப் போகும்.

வெட்டும்போது பழம்பொருள் தட்டுப்படலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில்தான். நம் பக்கத்து மேடுகளில் முதுமக்கள் தாழிகள் கிடைப்பதும் புதிதல்ல. பானை விளிம்போ தாழியோ தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு வட்டாட்சியருக்குச் சொல்லுங்கள், இரவோடு இரவாக டிப்பரில் ஏற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அனுமதிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவுதானே, சுற்றுச்சூழல் அனுமதி எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சின்னக் குவாரிக்கும் அது வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டித் தப்பிக்கவும் முடியாது, 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்தே பார்க்கிறார்கள்.

மரம் நடுவதில், இறுகிப்போன தளத்தில் ஓரடிக் குழி தோண்டி நட்டால் வேர் இறங்காது. தளத்தை ஆழமாகக் கீறிவிட்டு, மேல்மண் பரப்பி, மூன்றடிக் குழியில் வேம்பு, புங்கன், பூவரசு என்று வையுங்கள், ஓரத்தில் பனை விதை போடுங்கள். நடவு ஐப்பசி மழைக்கு முன்பு முடிய வேண்டும், அடுத்த இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே பெயர் போட்டு எழுத வேண்டும். பேசிய தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள், சரிவு ஒரு பருவமழையைத் தாங்கி நின்ற பிறகு அதைக் கணக்கு முடித்துக்கொள்ளலாம்.