1519 புனித ரோமப் பேரரசர் தேர்தலை வகுப்பில் நடத்திக்காட்டுவது எப்படி?

கடலூர்ப் பக்கம் ஒன்பதாம் வகுப்பில் மறுமலர்ச்சி, சமயச் சீர்திருத்தப் பாடம் நடத்துபவர்கள் ஆக்ஸ்பர்க் நகர வங்கியாளர் யாக்கோப் ஃபுக்கரையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பீரியட் போதும்.

85 புளியங்கொட்டை, கொஞ்சம் தாள், ஒரு ஸ்டாம்ப் பேட் வேண்டும். ஒரு கொட்டை 10,000 புளோரின் (அக்காலப் பொற்காசு). வாக்களிப்பவர்களை வளைத்து, ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸைப் பேரரசராக்க ஆன செலவு ஏறக்குறைய 8,52,000 புளோரின். ஃபுக்கர் போட்டது 5,44,000. வெல்சர் என்ற இன்னொரு வங்கிக் குடும்பம் 1,43,000. மிச்சம் இத்தாலிய வங்கியாளர்கள். 54, 14, 17 என்று மூன்று கிண்ணத்தில் பிரித்து மேசைமேல் வையுங்கள். முதல் கிண்ணம் குவிந்து நிற்பதைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

ஏழு பிள்ளைகள் தேர்வாளர்கள், அதாவது பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர்கள்: மைன்ஸ், கொலோன், டிரியர் பேராயர்கள், பொஹீமியா அரசர், பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள். சார்லஸ், ஃபுக்கர், எதிர்த்துப் போட்டியிட்ட பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸ் ஆகியோருக்கு ஆளுக்கொருவர். மற்றவர்கள் கணக்கப்பிள்ளைகள்.

கொட்டையை முதலிலேயே கையில் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிக்கொண்டு கட்சி மாறிவிடுவார்கள், ஆட்டம் குலைந்துபோகும். அன்றும் அப்படிக் கொடுக்கவில்லை. "சார்லஸ் தேர்வானால் மட்டும் செல்லும்" என்று எழுதி, ஃபுக்கராக இருப்பவர் கைநாட்டு வைத்த உண்டியல்தான் (பணம் தருவதாக எழுதிய சீட்டு) போகவேண்டும். பிரான்சிஸும் பணம் தருவதாகச் சொல்லட்டும், ஆனால் வாயால் மட்டும். மன்னர் வாக்கைவிட வியாபாரி தாளுக்கு ஏன் மதிப்பு என்று பிள்ளைகளே வாதாடுவார்கள். அவசரப்படாமல் அதற்கு நேரம் கொடுங்கள்.

மைன்ஸ் பேராயரிடம் முன்கூட்டியே ஒரு கடன் சீட்டு இருக்கட்டும். அந்த ஆல்பிரெக்ட் பதவிக்காக ரோமுக்குக் கட்டிய பணம் ஃபுக்கரிடம் வாங்கிய கடன். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காசில் பாதி அந்தக் கடனுக்கே போனது. 1517-இல் லூதர் எதிர்த்தெழுந்தது இந்த விற்பனையைத்தான்.

ஜூன் 28-இல் ஃபிராங்ஃபர்ட்டில் சார்லஸ் தேர்வானார். உங்கள் வகுப்பில் பிரான்சிஸ் ஜெயித்தாலும் திருத்தாதீர்கள். உண்டியல்கள் வெறும் தாளாகிவிட்டதைக் காட்டினால் போதும்.

இரண்டாம் பீரியட் வசூலுக்கு. 1523-இல் ஃபுக்கர், தம் உதவி இல்லாமல் அந்த மகுடம் கிடைத்திருக்காது என்று சார்லஸுக்கே எழுதினார். ஏகபோக வியாபாரத்துக்காக ஃபுக்கர்மேல் தொடுத்த வழக்கைப் பேரரசர் நிறுத்திவைத்தார். 1525-இல் ஸ்பெயினின் மூன்று படைத்துறவிச் சபைகளின் (போர்வீரத் துறவிகளின் அமைப்புகள்) வருமானம் ஃபுக்கருக்குக் குத்தகைக்கு வந்தது; அல்மடேன் பாதரசச் சுரங்கமும் அதில் அடக்கம்.

புதுச்சேரிப் பிள்ளைகள் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்) ஆனந்தரங்கப் பிள்ளையை இழுப்பார்கள். ஆனந்தரங்கர் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷாக இருந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்தவர். ஃபுக்கரோ பேரரசருக்கே கடன் கொடுத்தவர். யார் யாருக்குக் கடனாளி என்று இருவருக்கும் தனித்தனிப் படம் வரையச் சொல்லுங்கள்.